எடிட்டர் கடிதம் வந்த பிறகு: வாசகர் கேள்வி – பதில்

நாவல் எழுதுகிறவர்களுக்கான இந்தப் பகுதிக்கு இம்முறை செட்டிநாட்டுப் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள். எல்லாமே கைப்பிரதியைப் படித்துவிட்டு எடிட்டர் அனுப்பிய குறிப்புகளைப் பற்றியவை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் போடுகிறோம். பதில் சொல்கிறவர்கள் எங்கள் புத்தகப் பிரிவு எடிட்டர்கள்.

வங்கி வேலையில் ஓய்வு பெற்றபின், ரங்கூனிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தை வைத்து நாவல் எழுதினேன். பதிப்பகத்திலிருந்து ஒன்பது பக்கக் கடிதமும், ஓரமெல்லாம் குறிப்பு நிறைந்த வேர்டு கோப்பும் வந்தன. முதலில் கோபம் வந்தது. அப்புறம் அவமானம். இப்போது பிரதியைத் திறக்கவே கை வரவில்லை. எல்லோருக்கும் இப்படித்தானா, எனக்குத்தான் மனசு தாங்கவில்லையா?
– காரைக்குடி வாசகர்

எல்லோருக்கும் இப்படித்தான். பத்து நாவல் போட்டவருக்கும் முதல் வாசிப்பில் வயிற்றைக் கலக்கும். வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

பாதிக் காரணம் அந்தக் கடிதத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நன்றாக வந்த பகுதிகளில் எடிட்டருக்கு வேலை கிடையாது. அவற்றை ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிடுவார். மற்ற எட்டரைப் பக்கமும் வேலை பாக்கி இருக்கிற இடங்கள். இந்த விகிதத்தை நாவலுக்குப் போட்ட மார்க்காக எடுத்துக்கொள்வதால்தான் இவ்வளவு கலக்கம். அந்த ஒரு பத்திப் பாராட்டையும் மரியாதைக்கு எழுதியது என்று தாண்டிப் போகாதீர்கள். ‘அப்பத்தா வரும் காட்சிகள் உயிரோடு இருக்கின்றன’ என்று எழுதியிருந்தால், திருத்துகிற வேகத்தில் அந்தக் காட்சிகளில் கை வைத்துவிடாதீர்கள் என்று அர்த்தம்.

ஓரக் குறிப்புகளின் எண்ணிக்கையும் மலைக்க வைக்கும். வேர்டில் ‘ரிவ்யூ’ பகுதிக்குப் போய், ‘ஷோ மார்க்கப்’ பட்டியலில் ‘இன்சர்ஷன்ஸ் அண்ட் டெலீஷன்ஸ்’ என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். ஒற்று, சந்தி, இடைவெளி, எழுத்துப்பிழைத் திருத்தங்கள் எல்லாம் கண்ணுக்கு மறைந்துவிடும். அழியாது, பயப்பட வேண்டாம். எடிட்டர் உங்களிடம் நேரில் பேசுகிற குறிப்புகள் மட்டும் மிஞ்சும். பெரும்பாலான பிரதிகளில் அவை மொத்தத்தில் சிறு பகுதியாகத்தான் இருக்கும்.

இன்றைக்கு ஒரு வேலைதான் உங்களுக்கு. ‘கடிதமும் கோப்பும் கிடைத்தன. நிதானமாகப் படித்துவிட்டு இந்த மாதக் கடைசிக்குள் எழுதுகிறேன். நன்றி’ என்று எழுதி அனுப்பிவிடுங்கள். ராத்திரியில் எழுதுகிற நீண்ட பதிலை அனுப்பாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் மின்னஞ்சலில் எழுதாமல் நோட்டில் எழுதுங்கள். கை தவறிப் போய்விடாது. குறிப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம். நண்பர்கள் உங்களுக்காகத்தான் பேசுவார்கள், ஆனால் அவர்கள் பிரதியைப் படித்திருக்க மாட்டார்கள். தமிழ்ப் பதிப்புலகம் சின்னது. அந்தப் படம் சாயங்காலத்துக்குள் எடிட்டரிடமே போய்ச் சேரும்.

பிறகு ஒரு வாரம், பத்து நாள் எடுத்து வைத்துவிடுங்கள். சென்னைப் புத்தகக் கண்காட்சி பொங்கலை ஒட்டி வருவதால் ஐப்பசி, கார்த்திகையில் பதிப்பகம் அவசரப்படுத்தும். அப்போதும் மூன்று நாளாவது கேட்டு வாங்குங்கள்.

மறுபடி எடுக்கும்போது பிரதி வேண்டாம், கடிதம் மட்டும் போதும். அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு குறையையும் உங்கள் வார்த்தையில் ஒரு வரியாக எழுதுங்கள். மனசில் ‘நாவல் சலிப்பு’ என்று பதிந்திருப்பது, தாளில் ‘கப்பல் பயணத்துக்குப் பின் நாற்பது பக்கம் யாருக்கும் எதுவும் நேரவில்லை’ என்று இருக்கும். முதலாவதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதுக்கு ஒரு வாரம் உட்கார்ந்தால் வழி கிடைக்கும்.

எழுதிய வரிகளை இரண்டாகப் பிரியுங்கள்: எடிட்டர் எந்த இடத்தில் இடறினார், அதற்கு என்ன செய்யச் சொல்கிறார். வங்கியில் இருந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐந்தொகை இடிக்கிறது என்று காட்டுகிறவர் வேறு; எந்தப் பேரேட்டில் எந்த வரியில் தவறு என்று தேடிப் பிடிக்கிறவர் வேறு. இடறிய இடத்தைப் பற்றி எடிட்டர் சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். அவர் சொல்லும் பரிகாரத்தை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பிரதியை உள்ளும் புறமுமாக அறிந்தவர் நீங்கள். அவரைவிட நல்ல பரிகாரம் உங்கள் கையில் இருக்கும்.

மூன்றாம் அத்தியாயத்தில் வீட்டை ஏழு பக்கம் வர்ணித்திருக்கிறேன். ‘ஐந்து பக்கத்தை வெட்டுங்கள்’ என்கிறார் எடிட்டர். செட்டிநாட்டு வீட்டைச் சொல்லாமல் செட்டிநாட்டு நாவல் எப்படி எழுதுவது?
– கானாடுகாத்தான் வாசகர்

மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இடறிய இடம் அந்த ஏழு பக்கம். பரிகாரம் ‘வெட்டு’. இடம் சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள். வெட்டுவதா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

வீட்டு வர்ணனையில் வாசகர் ஏன் நிற்கிறார்? வீட்டுக்குள் யாரும் நடமாடுவதில்லை. வாசலில் தொடங்கி முகப்பு, வளவு (நடுமுற்றம் உள்ள கட்டு), இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று வரிசையாகக் கதாசிரியரே கூட்டிக்கொண்டு போகிறார். போதாததற்குப் பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் நான்கும் ஒரே பத்தியில் வந்துவிட்டால் அது சுற்றுலாக் கையேடு. (வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்தால் நுழைவுக் கட்டணமே வாங்கலாம்.) அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் தேக்குத் தூணைத் தேக்குத் தூண் என்று பார்ப்பதில்லை. அதில் சாய்ந்துகொள்வார், அவ்வளவுதான்.

வீட்டை ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். இப்படி:

‘காப்பித் தட்டோடு உமையாள் வளவைக் கடந்து வந்தாள். முகப்பில் வெளியாள் குரல் கேட்டது, நிலையைத் தாண்டவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தூண் மறைவுக்கு நகர்ந்தாள். கணக்கப்பிள்ளை வந்து எடுத்துப் போனார். எதிர்ப் பக்கம் ஐந்து அறைகளில் நான்கு பூட்டிக் கிடந்தன. ஐந்தாவதின் சாவி அவள் இடுப்பில்.’

ஆறேழு வரிதான். முகப்பு ஆண்கள் இடம் என்பது வந்துவிட்டது. வளவைச் சுற்றிக் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்பது வந்துவிட்டது. நான்கு பேர் ஊரில் இல்லை என்பதும், அவர்கள் எங்கே என்ற கேள்வியும் சேர்ந்தே வந்துவிட்டன. தூண் என்ன மரம் என்பதை, பிற்பாடு வீட்டைப் பிரித்து விற்கும் அத்தியாயத்தில் வியாபாரி தட்டிப் பார்த்து விலை சொல்லும்போது சொன்னால் போதும். அங்கே அந்தத் தகவலுக்குப் பணம் இருக்கிறது, வலி இருக்கிறது.

செய்முறை இது. ஏழு பக்கத்தையும் அச்செடுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே, கதையில் யாருக்கு எப்போது அது தேவைப்படுகிறது என்று அத்தியாய எண்ணைக் குறியுங்கள். எண் கிடைத்தவற்றை அந்த அத்தியாயத்துக்கு அனுப்புங்கள். எண் கிடைக்காதவற்றைத் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள், அழிக்க வேண்டாம். மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்றரை, இரண்டு பக்கம் மிஞ்சும். எடிட்டர் சொன்ன அளவுதான் வரும், ஆனால் நீங்கள் எதையும் இழந்திருக்க மாட்டீர்கள்.

‘ஆயா என்பவர் வேலைக்கார அம்மாவா? ஐயா என்பது அப்பாவா, தாத்தாவா? அப்பச்சி யார்?’ என்று சென்னை எடிட்டர் கேட்டு, எல்லாவற்றையும் பொதுத்தமிழுக்கு மாற்றலாமா என்கிறார். எங்கள் பேச்சையே கேவலப்படுத்துவது போல இருக்கிறது.
– தேவகோட்டை வாசகி

கேள்வி நியாயமானது. பரிகாரம்தான் சரியில்லை. ஆத்தா (அம்மா), அப்பச்சி (அப்பா), அப்பத்தா (அப்பாவைப் பெற்றவள்), ஆயா (அம்மாவைப் பெற்றவள்), ஐயா (தாத்தா) எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் சென்னையில் ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஐயா என்று அப்பாவைக் கூப்பிடும் குடும்பங்கள் பக்கத்து ஜில்லாக்களிலேயே உண்டு. எடிட்டர் குழம்பினால் அந்த வாசகர்களும் குழம்புவார்கள்.

ஒவ்வோர் உறவுச்சொல்லும் முதன்முதலில் வரும் வாக்கியத்திலேயே உறவு விளங்க வேண்டும். ‘ஆயா வீட்டுக்குப் போனால் மட்டும் ஆத்தா மறுபடி மகளாகிவிடுவாள்’ என்று எழுதினால் ஆயா அம்மாவைப் பெற்றவள் என்பது விளங்கிவிடும், அடைப்புக்குறி வேண்டியதில்லை. பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு போடாதீர்கள். வாசகரைக் கதையிலிருந்து இழுத்து வெளியே போடும். வேறு வைத்தல், இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தப் பத்திரம்), படைப்பு, திருவாதிரைப் புதுமை போன்ற செட்டிநாட்டுச் சடங்கு, வழக்கச் சொற்கள் ஒரே பக்கத்தில் நான்கைந்து வந்தால்தான் திணறல். அத்தியாயங்களில் பரவலாக வந்தால் வாசகர் தாமே பழகிக்கொள்வார்.

இன்னொன்றையும் பாருங்கள். உரையாடலில் ‘வந்தாக, சொன்னாக’ என்றும், கதைசொல்லியின் மொழியில் ‘வந்தார்கள், சொன்னார்கள்’ என்றும் வைத்திருந்தால் அந்த எல்லை கடைசிவரை கெட்டியாக இருக்க வேண்டும். எட்டாம் அத்தியாயத்தில் கதைசொல்லியும் ‘வந்தாக’ என்று சொல்லிவிட்டால் எடிட்டர் அதைப் பிழை என்றுதான் நினைப்பார். ‘பொதுத்தமிழுக்கு மாற்றலாமா’ என்ற கேள்வி பல சமயம் இந்தக் கலப்படத்தைப் பார்த்துத்தான் எழும். ஒரு தாளில் வட்டாரச் சொற்கள், நீங்கள் எழுதும் எழுத்துக்கூட்டல், உரையாடலில் மட்டுமா கதையிலுமா என்ற மூன்று விவரத்தையும் எழுதி எடிட்டருக்கு அனுப்புங்கள். மெய்ப்பு (ப்ரூஃப்) பார்ப்பவருக்கும் அதே தாள் போகட்டும். இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் அவர் ‘திருத்தி’விடுவார்.

1938-இல் ரங்கூனிலிருந்து ‘ஐயாயிரம் கியாட்’ அனுப்புவது, 1950-இல் கடையில் ‘நயா பைசா’ கொடுப்பது, 1962-இல் ‘சிவகங்கை மாவட்டம்’ – மூன்றையும் தப்பு என்கிறார் எடிட்டர். நான்காவதாக, பிள்ளையார் நோன்பை ஆவணிக்கு மாற்றச் சொல்கிறார்! எங்கள் குடும்பத்தில் நடந்தது எனக்குத் தெரியாதா?
– கோட்டையூர் வாசகர்

முதல் மூன்றிலும் எடிட்டர் சொல்வது சரி. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தாலும் அங்கே புழங்கியது ரூபாய்தான். இன்றைய கியாட் 1952-இல் வந்தது. நயா பைசா 1957 ஏப்ரல் 1 முதல். அதற்கு முன்னால் அணா, பைசா. சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல். 1962-இல் அது ராமநாதபுரம் மாவட்டம். இப்படிப்பட்ட குறிப்புகளில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. அச்சான பிறகு ஒரு வாசகர் கண்டுபிடிப்பதைவிட எடிட்டர் கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

நான்காவதில் நீங்கள் சொல்வது சரி. பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள். விநாயகர் சதுர்த்தி வேறு. ஆனாலும் அந்தக் குறிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பிள்ளையார் என்றதும் ஆவணியை நினைக்கிற வாசகர் ஆயிரம் பேர் இருப்பார்கள். ‘சொக்கப்பனை கொளுத்தி இருபத்தோரு நாள் ஆகியிருந்தது’ என்று தொடங்கி, 21 இழை சேர்ந்த திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் காட்சியைக் கண்முன் காட்டிவிட்டால் மாதத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். எடிட்டர் தப்பாகச் சொன்ன குறிப்பிலும் இடம் சரியாகவே இருந்திருக்கிறது பாருங்கள்.

குடும்ப ஞாபகத்தில் சம்பவம் நன்றாக நிற்கும், வருஷம்தான் நகர்ந்துவிடும். ‘யுத்தத்துக்கு முந்தி’ என்று சொல்வது 1914-க்கு முந்தியா, 1939-க்கு முந்தியா, ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு முந்தியா என்று சொல்கிறவருக்கே தெரியாது. தேதி போட்ட தாள்களைத் தேடுங்கள்: இசைகுடிமானம், மொய்ப்பண ஏடு, பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய தபால் உறை. அவற்றில் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று, அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். விஷு என்றால் 1941, 2001 இரண்டும்தான். மற்றொன்று, தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால் விஷு வருஷத்து மார்கழியின் முன்பாதி 1941 டிசம்பர், அதே விஷு வருஷத்துத் தை 1942 ஜனவரி. ‘விஷு என்றால் 41’ என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஒரு வருஷம் பின்னால் போய்விடும்.

அந்த ஒரு வருஷம் உங்கள் நாவலில் உயிர் போகிற விஷயம். ரங்கூன் மேல் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. ஊர் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச். உங்கள் பாத்திரம் 1942 கார்த்திகையில் ரங்கூனில் கப்பல் ஏறினால் அது நடக்காத காரியம். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள்.

அதனால் ஒரு அட்டவணை போடுங்கள். ஒரு வரிக்கு ஓர் அத்தியாயம். பத்திகள்: ஆங்கில வருஷம், தமிழ் வருஷம், மாதம், இடம், அங்கே இருப்பவர்களின் வயது, வாசகர் புதிதாக அறிவது என்ன. வயதுப் பத்தியைப் போட்டதுமே இரண்டு மூன்று பிள்ளைகள் தாய்க்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் பிறந்திருப்பது தெரியும். சிரிக்காதீர்கள், பெரிய குடும்பக் கதைகளில் அடிக்கடி நடக்கிறது. கூடவே சமஸ்தான எல்லையையும் பாருங்கள். ராயவரம், கோனாபட்டு எல்லாம் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். அங்கே நடக்கும் 1940-ஆம் வருஷக் காட்சியில் ராமநாதபுரம் ஜில்லா கலெக்டர் வந்து விசாரித்தால் இன்னொரு ஓரக் குறிப்பு நிச்சயம்.

எடிட்டர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என் காரணத்தை விளக்கிப் பதில் எழுதி வைத்திருக்கிறேன், பதினான்கு பக்கம். அனுப்பலாமா?
– புதுவயல் வாசகர்

அனுப்ப வேண்டாம். ஆனால் கிழிக்கவும் வேண்டாம். ‘அவள் ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை என்றால், சீர் கணக்கு அப்பச்சியின் கையில் இருந்தது’ என்று எடிட்டருக்கு எழுதியிருப்பீர்கள். அந்தச் சீர் கணக்கு நாவலில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. பதினான்கு பக்கத்தில் நாவலுக்குள் போக வேண்டிய வரிகள் இப்படிப் பத்திருபது தேறும். அவற்றை அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள். மீதி வெறும் கோபம்.

எடிட்டருக்கு ஓர் அட்டவணை போதும்: குறிப்பு எண், ‘செய்தேன்’ அல்லது ‘வேறு விதமாகச் செய்தேன்’ அல்லது ‘இப்படியே இருக்கட்டும்’, அதற்கு ஒரு வரிக் காரணம். மூன்றாவது வகை அளவோடு இருந்தால் எடிட்டர் மதித்து ஏற்றுக்கொள்வார். பாதிக்கு மேல் அதுவே என்றால் நீங்கள் இன்னும் கடிதத்தைச் சரியாகப் படிக்கவில்லை.

நான் எழுதிய வாக்கியங்களை எடிட்டர் தம் வாக்கியங்களாக மாற்றிவிட்டார். பிழை இல்லை, ஆனால் என் ஓசை போய்விட்டது. கதாநாயகி பெயரையும் மாற்றச் சொல்கிறார்.
– பள்ளத்தூர் வாசகி

இதற்கு வருத்தப்படுவது நியாயம். பிழை திருத்துவது எடிட்டர் வேலை. உங்கள் நடையைத் தம் நடையாக்குவது அவர் வேலை இல்லை. வாக்கியம் புரியவில்லை என்றால் ஓரத்தில் ‘புரியவில்லை’ என்று எழுதினால் போதும். வேலை தொடங்கும் முன்பே ஓர் அத்தியாயத்தை மட்டும் எடிட் செய்து காட்டச் சொல்லி, எதுவரை கை வைக்கலாம் என்று பேசிக்கொள்வதுதான் முறை. இப்போதும் தாமதமில்லை, அதே அளவுகோலை வைத்துப் பேசுங்கள். ‘ஒற்று, எழுத்துப்பிழை, விடுபட்ட சொல் ஆகியவற்றை ஏற்கிறேன். வாக்கிய அமைப்பு மாற்றங்களைக் குறிப்பாகத் தாருங்கள், நானே எழுதித் தருகிறேன்’ என்று எழுதுங்கள்.

‘அக்செப்ட் ஆல்’ பட்டனை எந்தக் காரணத்துக்காகவும் அழுத்தாதீர்கள். முதலில் கோப்பைத் தேதி போட்டு நகல் எடுங்கள். பிறகு ஒவ்வொரு மாற்றமாக ஏற்பதா தள்ளுவதா என்று பாருங்கள். தடம் தெரியாமல் மாற்றியிருப்பார் என்று சந்தேகம் இருந்தால், ‘ரிவ்யூ’ பகுதியில் ‘கம்பேர்’ என்று இருக்கிறது. உங்கள் பழைய கோப்பையும் வந்த கோப்பையும் கொடுத்தால் வித்தியாசம் எல்லாவற்றையும் காட்டிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்திருந்தால் முதலில் யூனிக்கோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் யூனிக்கோடில் தேடினால் எதுவும் கிடைக்காது.

பெயர் மாற்றச் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் வேறொரு பெயரோடு குழம்புவது. மீனாட்சி, மீனாள், மீனா மூவரும் ஒரே வளவில் இருந்தால் நிஜத்தில் சரி, நாவலில் திணறும். ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஆண்களிடம் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். சின்னவருக்கு வீட்டுப் பெயர் ஒன்று கொடுத்துவிடுங்கள். மாற்றுவதென்று முடிவானால் ‘ஃபைண்ட் – ரீப்ளேஸ்’ போட்டு ஒரே அடியாக மாற்றாதீர்கள். ‘உமையாள்’ என்று தேடினால் உமையாளை, உமையாளுக்கு, உமையாளிடம் எதுவும் அகப்படாது, கடைசி எழுத்து மாறிவிடுவதால். ‘உமையா’ என்று தேடினால் எல்லாம் கிடைக்கும். ஆனால் வேற்றுமை உருபு ஒட்டும் விதம் மாறும் (‘சிகப்பி’ என்று மாற்றினால் சிகப்பியை, சிகப்பிக்கு) என்பதால் ஒவ்வொன்றாகக் கையால்தான் மாற்ற வேண்டும். ‘வள்ளி’யைத் ‘தேனு’ என்று ஒரே அடியாக மாற்றினால் சந்தையில் சர்க்கரைத் தேனுக்கிழங்கு விற்பார்கள்.

நோட்டில் நான் எழுதினதைப் பேரன் டைப் அடித்துக் கொடுத்தான். பெரியப்பச்சி பாத்திரமே வேண்டாம் என்று எடிட்டர் சொல்கிறார். அவரில்லாமல் கதையே இல்லையே.
– ஓர் ஆச்சி, நேமத்தான்பட்டி

ஆச்சி, எதனால் வேண்டாம் என்கிறார் என்று பேரனை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் வருத்தப்படுவார்கள், வழக்கு வரும் என்ற பயமாக இருந்தால் பாத்திரத்தை எடுக்க வேண்டியதில்லை. பெயரையும் விலாசத்தையும் மாற்றினால் மட்டும் போதாது. ஊருக்குள் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கடை வைத்திருந்த ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, பிள்ளை கூட்டிக்கொண்டாரா (தத்து எடுத்தாரா) இல்லையா, இறந்த விதம் ஆகியவற்றை மாற்றுங்கள். குணம் மாறாமல் இருக்கட்டும்.

கதைக்கே தேவையில்லை என்கிறார் என்றால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பெரியப்பச்சி வரும் பக்கங்களில் ஒரு கிளிப் போட்டு ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைப் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கேயாவது ‘இது ஏன் இப்படி ஆச்சு?’ என்று அவன் நிறுத்தினால் அங்கே பெரியப்பச்சி வேண்டும். கடைசிவரை நிறுத்தாமல் போய்விட்டால் எடிட்டர் சொல்வதை யோசிக்கலாம்.

எடிட்டர் ‘முடிவு அவசரமாக இருக்கிறது, நீட்டுங்கள்’ என்கிறார். நான் படிக்கக் கொடுத்த பேராசிரியர் ‘முடிவு இழுக்கிறது, சுருக்குங்கள்’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஆத்தங்குடி வாசகர்

இருவரும் கை வைப்பது ஒரே இடத்தில்தான். நீட்டினாலும் சுருக்கினாலும் சரியாகாது. பிசகு அதற்கு முன்னால் இருக்கிறது. வாசகர் எதிர்பார்த்துக் காத்திருந்த சந்திப்பு ஒன்றை நீங்கள் காட்சியாக எழுதாமல் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பீர்கள். கடைசி மூன்று அத்தியாயத்துக்கு முன்னால் தேடுங்கள்.

எத்தனை முறை திருத்துவது? அச்சுக்குப் போகும் வரை கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.
– குன்றக்குடி வாசகர்

மூன்று சுற்று. முதல் சுற்றில் அமைப்பு: அத்தியாய வரிசை, பாத்திரம், காலக்கணக்கு. இதில் ஒற்றுப் பிழையைத் தொடவே தொடாதீர்கள். நாளைக்கு வெட்டப்போகிற பத்திக்கு இன்றைக்குச் சந்தி பார்ப்பது வீண். இரண்டாம் சுற்றில் வாக்கியம். இதை வாய்விட்டு வாசித்துச் செய்தால் உரையாடல் எங்கே பொய்யாக ஒலிக்கிறது என்று காது சொல்லிவிடும். மூன்றாவது, பக்கம் அமைத்த பிறகு வரும் மெய்ப்பு.

மெய்ப்பில் எழுத்துப்பிழை, விடுபட்ட வரி, தப்பான தேதி, பெயர்க் குழப்பம் ஆகியவற்றுக்கு மட்டும் பேனாவைத் திறங்கள். அங்கே ஒரு புதுப் பத்தி சேர்த்தால் அந்த அத்தியாயத்தின் மற்றப் பக்கங்கள் எல்லாம் நகரும். புத்தகம் பொதுவாக 16 பக்க ஃபாரமாக (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் தொகுதியாக) அச்சாவதால், 320 பக்கத்தில் சரியாக 20 ஃபாரமாக முடிய வேண்டியது 322 ஆகிவிட்டால் இன்னொரு ஃபாரத்துக்குக் காகிதம் போகும், இல்லாவிட்டால் எழுத்தளவைக் குறைத்து அடைப்பார்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் அதே பக்கத்தில் அதே அளவு வரிகளை எடுத்துவிட்டுச் சேருங்கள். எத்தனை வரி எடுத்தீர்கள், எத்தனை வரி சேர்த்தீர்கள் என்பதை ஓரத்தில் குறித்து அனுப்புங்கள்.